கட்டிலோடு போன ரகசியம்

எங்கள் கடைவீதிக்குப் பின்னால், குடியை மறக்க வருகிறவர்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. அங்கே வேலை பார்த்த எட்டியப்பன், சவரிராயன், தாயாரம்மா மூன்று பேருக்கும் மனசு தங்கம். மண்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், கதையே சொல்லும்.

ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் மனோன்மணி வந்து மூவருக்கும் பாடம் எடுத்தார். போதையில் புத்தி தடுமாறும்போது பால்வினை நோய் ஒட்டிக்கொள்வது உண்டு, வந்தவரை ஏளனம் செய்யக் கூடாது என்றார். முகத்தைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது, பரிசோதனை செய்தால்தான் தெரியும் என்றார். ஆணுறைப் பெட்டியை வாசலோரம் வையுங்கள், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து மூவரும் எல்லாரிடமும் முதுகைக் காட்டியே பேசினார்கள். முகத்தைப் பார்த்துத்தான் பிரயோஜனம் இல்லையே. சவரிராயன் சுவரைப் பார்த்தபடி கஞ்சி ஊற்றியதில் ஒருத்தர் மடியெல்லாம் கஞ்சி.

ஆணுறைப் பெட்டிக்குத் தாயாரம்மா காவல். ஒருத்தர் கூச்சத்தோடு வந்து, "ஒண்ணு எடுத்துக்கலாமாம்மா?" என்றார்.

"கேட்டுட்டீங்களே அண்ணே. கேக்காதவங்களுக்குத்தான் இது" என்று வருத்தத்தோடு அனுப்பிவைத்தாள்.

சடையாண்டி என்ற லாரி டிரைவரும் அங்கே தங்கியிருந்தான். குடித்துத் திரிந்த காலத்தில் வழி தப்பிப் போனவன். உடம்பில் ஒரு புண் வந்து தானாகவே ஆறியிருந்தது. வீட்டிலோ பெண்டாட்டி பூங்காவனம் முழுகாமல் இருந்தாள். "எனக்கு இருந்தா அவளுக்கும் புள்ளைக்கும் போயிருக்குமா சிஸ்டர்?" என்று நர்ஸிடம் கலங்கினான். போயிருக்கலாம், ஆனால் சீக்கிரம் ஊசி போட்டால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்று அவர் தைரியம் சொன்னார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, சாமியைக் கும்பிட்டபடி, சோறு இறங்காமல் காத்திருந்தான் பாவம்.

ஒரு மத்தியானம் நர்ஸ் போன் செய்தார். சடையாண்டியை உடனே கூட்டி வாருங்கள், ஊசி போட வேண்டும், ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்றார்.

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"ஒருத்தருக்கும்னா, சடையாண்டிக்கு?" என்று சவரிராயன் சந்தேகம் கிளப்பினான்.

"அவனும் ஒருத்தன்தானே" என்றான் எட்டியப்பன்.

"அப்ப அவருக்கே தெரியாமத்தான் கொண்டுபோகணும்" என்று முடித்தாள் தாயாரம்மா.

மாத்திரை போட்ட அசதியில் சடையாண்டி அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தான். ஆண்கள் இருவரும் கட்டிலோடு தூக்கினார்கள். ஆள் யாரென்று தெரியக் கூடாதே, அதனால் தலையோடு சேர்த்து வெள்ளை வேட்டியால் மூடினார்கள். தாயாரம்மா முன்னால் நடந்து வழி விலக்கினாள்.

கடைவீதியில் ஒவ்வொரு ஷட்டராகப் பாதி இறங்கியது. ஆட்கள் தோள் துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்கள். யார் என்று கேட்டவர்களுக்குச் சொல்லக் கூடாது என்றார்கள் மூவரும். எப்படி ஆச்சு என்று கேட்டவர்களுக்கு அதையும் சொல்லக் கூடாது என்றார்கள். பூக்காரம்மா ஒரு மாலையைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேட்டிக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தை வைத்து யாரோ ஆளைக் கண்டுபிடித்து, பூங்காவனத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பின்னாலேயே வந்த கூட்டத்தை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, கட்டிலை உள்ளே இறக்கினார்கள். சடையாண்டி அப்போதுதான் கண் விழித்தான். மாலையைத் தொட்டுப் பார்த்தான்.

"அவ்வளவு முத்திப்போச்சா சிஸ்டர்?" என்றான்.

அந்த நேரம் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள் பூங்காவனம். புருஷன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அழுகை பாதியில் நின்றது. அவளைத் தனியாக உட்காரவைத்து, நடந்ததெல்லாம் அவனே மெதுவாகச் சொன்னான். கொஞ்சம் திட்டினாள், கொஞ்சம் அழுதாள், பிறகு தானும் கையை நீட்டினாள். பரிசோதித்ததில் அவளுக்கும் இருந்தது. இருவருக்கும் ஊசி போட்டாயிற்று. நல்ல நேரத்தில் வந்துவிட்டாய், பிள்ளைக்குப் பயமில்லை என்றார் நர்ஸ். அதன் பிறகுதான் அவருக்கு ஜன்னல் வழியாக ஊரே நிற்பது தெரிந்தது.

"ரகசியம்னு சொன்னேனே, இதுதானா உங்க ரகசியம்?" என்றார்.

எட்டியப்பன் கை கட்டிப் பணிவாகச் சொன்னான். "இவனுக்கு என்ன நோய்னு ஒருத்தருக்கும் தெரியாது சிஸ்டர். செத்துட்டான்னுதான் நினைச்சிட்டிருக்காங்க."

சடையாண்டி நிம்மதியாக எழுந்து செருப்பைத் தேடினான். தாயாரம்மா பதறிப்போய்த் தடுத்தாள்.

"நடந்து போனா எல்லாம் வெளியாயிடும். படுங்க அண்ணே."

அவனும் யோசித்துப் பார்த்துவிட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு படுத்தான். பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கட்டிலுக்குப் பின்னால் அழுவதுபோல் நடந்தாள்.