பெரிய சாமியின் நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு

"அம்மா, எதுல ஏத்தி வைக்கிறதுன்னே முடிவு பண்ண முடியல" என்று வந்து நின்றார் ஏகாம்பரம்.

குருவிமலை ஆசிரமத்தில் மூத்த சீடர் அவர். வயது அறுபத்தொன்று. குருவான சிவகாமி அம்மாவுக்கு முப்பத்து மூன்று.

ஏகாம்பரம் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். மூன்று கடையில் கொட்டேஷன் வாங்காமல் துடைப்பம்கூட வாங்க மாட்டார்.

மறைந்த பெரிய சாமி பாடிய நானூற்றுப் பன்னிரண்டு பாட்டும் ஒரே ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. அதுவோ ஒரு வருஷமாக முனகிக்கொண்டிருந்தது. வேறொன்றில் ஏற்றி வைக்கும் பொறுப்பு ஏகாம்பரத்துடையது.

"கடைக்காரனுங்க குழப்புறானுங்கம்மா."

குரலைக் கட்டையாக்கிக்கொண்டார். "'புது ஹார்டு டிஸ்க் கல்லு மாதிரி சார். கீழ மட்டும் போட்டுடாதீங்க.'"

உடனே கீச்சுக்குரல். "'பென்டிரைவ் சல்லிசு சார். தொலைஞ்சாலும் மனசு வலிக்காது.'"

"சிடி?"

"நூறு வருஷம் நிக்குமாம். போட்டுக் கேக்கத்தான் மெஷின் கிடைக்காதாம்."

"இன்டர்நெட்ல வைக்கலாமே?"

"மாசாமாசம் வாடகை. நம்ம மலையில சிக்னல் பிடிக்க வேப்பமரத்துல ஏறணும்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எல்லாத்துக்கும் பட்டியல் போட்டிருப்பீங்களே. காட்டுங்க."

ஏகாம்பரம் பெருமையோடு கம்ப்யூட்டரைப் போட்டார்.

டிஸ்க் 'டிக்' என்றது. இன்னொரு 'டிக்'. அப்புறம் மூச்சே இல்லை.

"பட்டியல் எதுல இருக்கு?"

"இதுலதான்..."

தட்டினார். ஊதினார். விபூதிகூடப் பூசிப் பார்த்தார்.

"போச்சேம்மா! பட்டியல் கிடக்கட்டும், பெரிய சாமி குரலையே தொலைச்சுட்டேனே!" தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் பால் வண்டி வந்து நின்றது. அதன் ஸ்பீக்கரில் பெரிய சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

ஏகாம்பரம் செருப்பில்லாமல் ஓடினார். "யோவ் மாசானம், இது ஏதுய்யா உனக்கு?"

"அம்மாதான் கொடுத்தாங்க சாமி. மெமரி கார்டு கொண்டு போனேன், நானூத்திப் பன்னெண்டையும் ஏத்திட்டாங்க. சலூன்காரர் பழைய போனைக் கொண்டு போனாரு, அதுலயும். டீக்கடையில பென்டிரைவ். ஏன், உங்ககிட்ட இல்லையா?"

ஏகாம்பரம் பிளந்த வாயோடு திரும்பி வந்தார்.

"எப்பம்மா ஏத்தினீங்க? என் கண்ணுல படாம?"

"நீங்க விலை விசாரிக்கப் போன நாள்ல எல்லாம்."