வண்டிக்கு ஒரு முரட்டுத் தோல்

"அம்மா, இன்னொரு கோடு விழுந்துட்டுது" என்றார் சிவசைலம்.

தயாபரி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எதுல?"

"வண்டியில."

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். அம்மாவுக்கு வயது நாற்பதுதான். சீடர் சிவசைலத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, தன் சிவப்பு ஜீப்போடு வந்து சேர்ந்தவர். ஜீப்பை மடத்துக்கே கொடுத்துவிட்டார். ஆனாலும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பார்.

ஒவ்வொரு கீறலும் அவருக்கு அத்துப்படி. இது ஆடு உரசியது. இது பால் கேன் இடித்தது. கதவில் நீளமாக ஓடுவது சூரை முள்.

மலைமேல் குடியிருப்புக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் சூரை முள்தான். அந்தக் கோடு விழுந்த பிறகு அவர் மேலே வண்டியை ஏற்றுவதில்லை. அங்கே யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், கட்டிலில் வைத்துக் கீழே தூக்கி வருவார்கள். அதன் பிறகுதான் ஜீப்.

"லாரித் தொட்டிக்குள்ள பூசுவாங்களே அம்மா, கறுப்பா, சொரசொரன்னு. கருங்கல்லைக் கொட்டினாலும் ஒண்ணும் ஆகாது. அதை வண்டி முழுக்க வெளியில பூசிடலாம்னு பார்க்கிறேன். ஆள் வேண்டாம், நானே பூசிருவேன்."

"பூசுங்க."

அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. பற்றைப் பற்றி அம்மா ஏதாவது சொல்வார், பதில் சொல்லலாம் என்று தயாராக வந்திருந்தார்.

தென்காசியிலிருந்து டப்பாக்கள் வந்து சேர்ந்தன. ஜீப்பைக் கழுவி வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கண்ணாடிகளுக்குச் செய்தித்தாள் ஒட்டினார். டப்பாவின் மேல் எழுதியிருந்ததை ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். அப்புறம் நேராக அடுக்களைக்குப் போனார்.

"அம்மா, உப்புத்தாளால வண்டி பூரா தேய்க்கணுமாம். பளபளப்பு கொஞ்சம்கூட இருக்கக் கூடாதாம். இருந்தா பூச்சு பிடிக்காம உரிஞ்சு வந்துருமாம்."

"தேய்ச்சா என்ன ஆகும்?"

"எல்லாம் கீறலா ஆயிரும்."

"யாரு தேய்க்கணும்?"

"நான்தான்."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். மரத்தடிக்கு வந்தார். ஒரு உப்புத்தாளை எடுத்து மடித்தார். பானெட்டின் இந்த முனையில் வைத்து அந்த முனை வரைக்கும் அழுத்தி ஒரே இழுப்பு.

சர்ர்ரென்றது.

சிவசைலத்துக்குப் பல் கூசியது. கண்ணில் நீர்கூடக் கட்டியது.

அம்மா தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினார்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கோட்டின் பக்கத்தில், மெதுவாக, ஒரு தேய்ப்பு. இன்னொன்று. பானெட் முடிவதற்குள் கை பழகிவிட்டது. கதவுக்கு வந்தபோது வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. சூரை முள் கோட்டைத் தேடினார். ஆயிரம் கோட்டுக்குள் அது எங்கேயோ போயிருந்தது.

அப்போதுதான் மலையிலிருந்து கொம்பையா ஓடிவந்தான்.

"அய்யா, எங்கம்மா பாறையில வழுக்கி விழுந்துட்டா. காலு ஒடிஞ்சிருச்சு. கட்டில்ல தூக்கினா கிடந்து அலறுதா. என்ன செய்யன்னு தெரியல."

சிவசைலம் கண்ணாடியிலிருந்த தாளைக் கிழித்து எறிந்தார். "ஏறு."

வண்டி முள்ளுக்குள் நுழைந்தது. வீட்டு வாசல் வரைக்கும் போனது. பின் இருக்கையில் மெத்தை போட்டுக் கிழவியைப் படுக்க வைத்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் பொறுமையாக இறக்கி ஏற்றி, தென்காசி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். காலுக்குக் கட்டுப் போட்டார்கள். இரண்டு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் மடத்துக்குத் திரும்பினார். அம்மா ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"போற வழியில முள்ளு கிழிச்சுதா?"

"கிழிச்சிருக்கும் அம்மா."

"சத்தம் கேட்கலையா?"

"அந்தம்மா முனகிக்கிட்டே வந்தாங்க. அதுலயே காது இருந்துது."

சிவசைலம் டப்பாக்களைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"அப்போ இந்தப் பூச்சு வேண்டாம்தானே அம்மா?"

"நல்லா இருக்கே கதை! அங்கங்கே தகரம் தெரியுது, மழை வந்தா துரு ஏறாதா? பூசுங்க."

சிவசைலம் வாய்விட்டுச் சிரித்தார்.

வண்டியை மறுபடி கழுவித் துடைத்துப் பூச்சைக் கலந்தார்கள். ஆளுக்கொரு பெயின்ட் உருளையை எடுத்துக்கொண்டார்கள். அவர் கதவுப் பக்கம். அம்மா பானெட் பக்கம். சிவப்பு மறைந்து கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது.

"ஐயையோ" என்றார் அம்மா. "இங்கே பாருங்க, பட்டையா வழிஞ்சு போச்சு. அப்படியே காஞ்சா அசிங்கமாத் தெரியுமே!"

சிவசைலம் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலையில தொட்டா ஒட்டாதுல்ல அம்மா? அந்தம்மாவைக் கூட்டிட்டு வீடு வரைக்கும் போகணும்."