முக்குளிப்பானின் கூட்டைச் சுத்தம் செய்த மைனா

பேருந்து நிலையத்து மைனா ஒன்று, சுற்றுலா வேனின் கூரையில் ஓசிச் சவாரி செய்து பறவைகள் ஏரிக்கு வந்து இறங்கியது. ஒரு நாளாவது ஹாரன் சத்தம் கேட்காமல் இருக்கலாம் என்று அதற்கு ஆசை. நல்ல மனசுதான். ஆனால் அதன் அலகு சும்மா இராது.

கரையோரக் கோரைக்குள், மிதக்கும் கூட்டில் ஒரு முக்குளிப்பான் அடைகாத்துக்கொண்டிருந்தது.

"எத்தனை முட்டை அக்கா?"

"நாலு. நல்ல நேரத்துல வந்த தங்கச்சி. காலையிலேர்ந்து பட்டினி. ஒரு முழுக்குப் போட்டு மீன் பிடிச்சிட்டு வந்துடறேன், கொஞ்சம் பாத்துக்க."

சொல்லிக்கொண்டே முக்குளிப்பான் ஈரப் பாசியை அள்ளி முட்டைகள்மேல் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் மறைந்தது.

மைனாவுக்கு மனசு கேட்கவில்லை. 'பாவம், பசி அவசரத்தில் வீட்டை இப்படிக் குப்பையாகப் போட்டுவிட்டுப் போகிறதே! திரும்பி வரும்போது பளிச்சென்று இருக்கட்டும்.' கோரையில் தொங்கியபடி அழுகல் பாசியைக் கவ்விக் கவ்வி ஏரியில் எறிந்தது. நான்கு முட்டைகளும் வெயிலில் வெள்ளைவெளேரென்று தெரிந்தன. மைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கருவேல மரத்திலிருந்து ஒரு காகம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

"காலையிலேர்ந்து இந்தப் பக்கம் அஞ்சு தடவை பறந்துட்டேன். இங்க முட்டை இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. ரொம்ப நன்றி மைனா!"

அப்போதுதான் மைனாவுக்கு உறைத்தது. தண்ணீர் என்றாலே அதற்குப் பயம். இருந்தும் ஆடுகிற கூட்டில் குதித்து, முட்டைகள்மேல் சிறகை விரித்துப் படுத்துக்கொண்டது. காகம் தலையிலேயே கொத்தியது. மைனா கத்தியதே தவிர நகரவில்லை.

சத்தம் கேட்டு மேலே வந்த முக்குளிப்பான், சிறகால் தண்ணீரை அடித்துக் காகத்தின் முகத்தில் இறைத்தது. நனைந்த காகம் முனகிக்கொண்டே பறந்துபோனது. முட்டைகள் நான்கும் பத்திரமாக இருந்தன.

"குப்பைன்னு நினைச்சிட்டேன் அக்கா" என்று மைனா அழுதது.

"அதுதான்டி எங்க வீட்டுக் கதவு."

மைனாவின் தலையில் ரத்தம் கசிவதைப் பார்த்ததும் முக்குளிப்பானுக்குக் கோபம் வரவில்லை. "உயிரைக் குடுத்துக் காப்பாத்தின. ஆனா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மைனா ஒரு கொத்துப் பாசியைக் கவ்வப் போய், நின்றது.

"இதை எங்க வைக்கணும் அக்கா?"

உதவும் மனசு எவ்வளவு பெரிதானாலும், உதவி பெறுகிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது.