கெண்டை காலுக்குக் குடிவந்த கதை

கிட்ட வந்து உட்காருங்கள். காலை நீட்டியே உட்காரலாம், கதையே காலைப் பற்றித்தான்.

அந்தக் காலத்தில் மீனும் கொக்கும் மனிதனோடு பேசும். மனிதனுக்கு முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. கொக்குக்கு இருப்பதுபோல வெறும் குச்சி.

மலையடிவாரத்தில் ஒரு குட்டை வற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கெண்டைமீன் சேற்றோடு சேறாகக் கிடந்தது. கரையில் கொக்கு.

"அவசரமில்லை தங்கம், இன்னும் கொஞ்சம் வெயில் ஏறட்டும்" என்றது கொக்கு.

அந்த வழியாக உப்பு விற்கும் சடையன் வந்தான். மூட்டையை இறக்கிவிட்டு, மிச்சமிருந்த தண்ணீரில் காலை நனைத்தான். ஏறவேண்டிய மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். கெண்டை பார்த்தது அவன் குதிகாலை. ஊர் ஊராக நடக்கிற கால் அல்லவா, அந்த வெடிப்பில் ஒரு மீன் தாராளமாக நுழையலாம்.

"அண்ணே, மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி இருக்காமே. உங்க காலுக்குள்ள வச்சு என்னை அங்கே கொண்டுபோய் விடுங்க. உள்ளேயிருந்து துள்ளித் துள்ளி உங்களை மலை ஏத்திவிடுறேன்."

"என் மூட்டையில என்ன இருக்கு தெரியுமா? உப்பு. போய்ச் சேர்றதுக்குள்ள கருவாடாயிடுவே."

"கொக்கு வயித்துக்குள்ள போறதுக்குக் கருவாடே தேவலை அண்ணே."

சடையன் சிரித்துவிட்டான். "ஏரி வந்ததும் இறங்கிடணும், ஆமா."

கெண்டை விசுக்கென்று உள்ளே நுழைந்து, முழங்கால் பக்கம் தலையும் குதிகால் பக்கம் வாலுமாகப் படுத்துக்கொண்டது. அது துள்ளத் துள்ளக் கால் மேடேறியது. ஆனால் ஒரு கால்தான் முந்தியது. மற்றது பின்னால் இழுபட்டது.

மரத்திலிருந்த குரங்கு, "என்ன மாமா, அத்தை ஒத்தைக் காலுக்குத்தான் சோறு போட்டாங்களா?" என்று கேட்டது.

ஏரி வந்தது. சடையன் இரண்டு காலையும் தண்ணீரில் வைத்து, "இறங்கு" என்றான். கெண்டை வெடிப்பு வழியே எட்டிப் பார்த்தது. ஒரு விரால்மீன் வாயைப் பிளந்துகொண்டு, சின்னக் கெண்டை ஒன்றைத் துரத்தி வந்தது.

"ஏ தங்கச்சி! பக்கத்துக் கால்ல இடம் இருக்கு, ஓடி வா!"

சின்னது ஒரே பாய்ச்சலில் அடுத்த காலுக்குள் போய்விட்டது.

"அடப்பாவி! நீ குடுத்த வாக்கு என்னாச்சு?"

"கொஞ்சம் நடந்து பாருங்கண்ணே."

நடந்தான். கோணல் போய், இரண்டு காலும் ஒன்றுபோல எட்டு வைத்தன. முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் திரண்டிருக்கிற சதைக்கு அன்று தொடங்கித்தான் கெண்டைக்கால் என்று பேர்.

இருந்தாலும் சடையனுக்கு மனசு ஆறவில்லை. வெளியே போ என்று காலை ஓங்கி உதறினான். அவன் அலறிக் காலைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்காரும்படி, கெண்டை உள்ளேயே ஒரு புரட்டுப் புரண்டு படுத்தது.