எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கீறலும் இல்லை

மலையடிவாரத்தில் ஒரு சின்ன விமானம் இருந்தது. ஓட்டுகிறவரின் கண்ணெதிரே அதில் ஓர் உயரமானி குடியிருந்தது. பொய் என்றால் என்னவென்றே தெரியாத பிறவி. ஆனால் காற்றழுத்தத்தை வைத்துத்தான் அது உயரம் சொல்லும்; அழுத்தம் குறைந்தால் உயரம் கூடிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். அழுத்தமோ நாளுக்கு நாள் மாறும். அதனால் கிளம்பும் முன் அன்றைய அளவுக்கு அதன் திருகைத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால், பாவம், நேற்றைய கணக்கையே சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலை முதலாளி பொன்னுரங்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றோடு வந்தார். தொங்கவிட வேறு இடம் கிடைக்காமல் அந்தத் திருகிலேயே இறுக்கிக் கட்டினார்.

"சார், அதைத் தினமும் திருப்பணும்," என்றார் கேப்டன் சந்தானம்.

"ஜோசியர் மந்திரிச்சுக் கொடுத்தது. முடிச்சு அவிழ்ந்தா பரிகாரமே போச்சு. கை வச்சீங்கன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

சந்தானம் இறங்கி இறக்கையைத் துடைக்கப் போனார்.

"நான் வந்தாச்சு. இனி நீ ஓய்வெடு," என்றது எலுமிச்சம்பழம்.

"ஓய்வா? என் கழுத்தையில்ல பிடிச்சுக்கிட்டு இருக்கே! விடுய்யா!" என்றது உயரமானி.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான்கு பயணிகள் ஏறி உட்கார்ந்தார்கள். "அழுத்தம் ரொம்ப இறங்கிவிட்டது, எல்லாரும் உயரமானியைத் திருத்துங்கள்!" என்று வானொலி தொண்டை கிழியக் கத்தியது. சந்தானத்தின் கை கயிறு வரைக்கும் போனது. முதலாளியின் முகம் நினைவுக்கு வந்தது. கை திரும்பிவிட்டது. 'அவ்வளவு பெரிய மலை கண்ணுக்குத் தெரியாமலா போகும்?' என்று நினைத்துக்கொண்டார்.

தெரியாமல்தான் போனது. பாதி வழியில் மேகம் நாலாபக்கமும் அடைத்துக்கொண்டது.

"கேப்டன் சார், வெளியே ஒண்ணுமே தெரியலையே!" என்றாள் பின்னாலிருந்த பெண்.

பதற்றத்தில் அவர் எல்லாவற்றையும் மறந்து, முள் காட்டியதை அப்படியே படித்தார். "பயப்படாதீங்கம்மா. மலை எட்டாயிரம் அடி. நாம எட்டாயிரத்து நானூறுல இருக்கோம்."

"ஐயையோ, நம்பாதே! அது நேத்துக் கணக்கு! ஏழாயிரத்து எண்ணூறுலதான் இருக்கோம். ஏறு, மேலே ஏறு!" என்று உயரமானி அலறியது. மனிதரிடம் பேச அதற்கு இருந்ததோ ஒரே ஒரு முள். அது எட்டாயிரத்து நானூறையே காட்டிக்கொண்டிருந்தது.

"சும்மா கத்தாதே. நான்தான் இருக்கேனே," என்றது எலுமிச்சம்பழம்.

மலை இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஐந்து உடல்களைக் கீழே இறக்கினார்கள். உடைந்த கண்ணாடிக்குள் முள் எட்டாயிரத்து நானூறில் சிக்கிக் கிடந்தது. 'உயரமானி பொய் காட்டியிருக்கிறது' என்று எழுதிக்கொண்டார் விசாரணைக்கு வந்தவர். ஐந்து பேரைப் பறிகொடுத்த வேதனையோடு உயரமானிக்கு இதுவும் சேர்ந்துகொண்டது.

கயிறு அறுந்து புதரில் விழுந்திருந்த பழத்தைப் பொன்னுரங்கம்தான் கண்டெடுத்தார். ஒரு கீறலும் இல்லை. "அடேயப்பா, என்ன சக்தி!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புது விமானம் வந்தது. புது உயரமானியின் திருகில், காய்ந்து சுருங்கிய அதே பழத்தைக் கட்டினார். நடந்ததை அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருந்த உயரமானி நடுங்கியது.

"பயப்படாதேம்மா," என்றது எலுமிச்சம்பழம். "எனக்கு அனுபவம் இருக்கு."