மாராயி வெட்டிய வரப்பு

அந்தக் காலத்தில் புதினாவுக்கு வாய் இருந்தது. பறிக்கப் போனால் தானே பெயர் சொல்லும். மாராயியின் கொல்லையில் மூன்று பாத்தி. ஒன்றில் துவையல் புதினா, ஒன்றில் மோர்ப் புதினா, ஒன்றில் மருந்துப் புதினா. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். குணம்தான் வேறு.

அவள் புருஷன் கொண்டையனுக்கு அடிக்கடி வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். மருந்துப் புதினாவை இடித்துப் பிழிந்து கொடுத்தால்தான் அடங்கும். வேறு எதற்கும் கேட்காது.

அந்தச் செடிக்கு வாய் நீளம். "வந்துட்டியா? நேத்து எத்தனை உருண்டை களி முழுங்கினான் உன் ஆளு?"

"பேசாம இலையைக் குடுடி" என்பாள் மாராயி.

பறித்து முடித்ததும் அது தவறாமல் ஒன்று சொல்லும். "வரப்பு பத்திரம் தாயி. மூணு பேரு வேரும் பின்னிக்கிட்டா யாரு எவன்னு எங்களுக்கே தெரியாது."

புன்செய்க் காட்டில் எள்ளுக்காய் வெடிக்கத் தொடங்கியது. ஒரு நாள் பிந்தினால் அத்தனையும் மண்ணுக்குப் போய்விடும். அந்த அவசரத்தில் மூன்று பாத்திக்கும் மூன்று தடவை மடை மாற்ற மாராயிக்குப் பொறுமை இல்லை. மண்வெட்டியை எடுத்தாள். நடுவில் இருந்த இரண்டு வரப்பையும் வெட்டிவிட்டாள். தண்ணீர் ஒரே பாய்ச்சலாக ஓடியது.

"வேணாம் தாயி!" மூன்றும் கத்தின.

"எள்ளை அள்ளிட்டு வந்து அடைக்கிறேன். சும்மா கெடங்க."

அடைக்கவில்லை. எள்ளுக்குப் பின் உழவு, உழவுக்குப் பின் விதைப்பு. நடுவில் மழையும் வந்தது. கொல்லை முழுக்க ஒரே பச்சை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் கொண்டையன் சுருண்டு விழுந்தான். மாராயி கொல்லைக்கு ஓடினாள்.

"மருந்துக்காரி யாருடி? வாயைத் திற!"

"நான்னுதான் நினைக்கிறேன்" என்றது ஒன்று.

"நானா இருக்கலாம்" என்றது இன்னொன்று.

"தெரியலையே தாயி" என்று அழுதது மற்றொன்று.

கைக்கு வந்ததைப் பிடுங்கி இடித்துக் கொடுத்தாள். கொண்டையன் குடித்தான். அந்த வலியிலும் சிரித்தான்.

"வாய் மணக்குது புள்ள. வயிறுதான் கேக்கல."

மறுபடி ஓடினாள். மறுபடி இடித்தாள். வெயில் ஏறுவதற்குள் அவன் மூச்சு அடங்கிவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் கொல்லையில் போய் உட்கார்ந்தாள். "திட்டவாவது செய்யுங்கடி" என்றாள். ஒரு செடியும் பேசவில்லை. தப்பு அவளுடையது. வெட்கம் என்னவோ செடிகளைப் பிடித்துக்கொண்டது.

ஒவ்வொரு தண்டாக எடுத்து, இலையை விரலில் கசக்கி மோந்தாள். நூறு தண்டு தாண்டியிருக்கும். ஒன்று மூக்கில் ஏறி உச்சந்தலையைத் தொட்டது. அதுதான். ஒடித்து, ஓர் உடைந்த பானையில் தனியாக நட்டாள். இனி யாருக்காக என்று அவளுக்கும் தெரியவில்லை.

அன்று முதல்தான் புதினா வாய் திறப்பதில்லை. நாமும் இலையைக் கசக்கி மோந்து பார்த்தே இன்னது என்று சொல்கிறோம், நல்ல வகையை எதனோடும் சேர்க்காமல் தனிச் சட்டியில் நடுகிறோம்.