மார்ச் மாத அகராதி

லிஃப்டில் முன்னால் நின்ற இருவர் பேசிக்கொண்டது குழந்தைவேலுவின் காதில் விழுந்தது.

“மெஷின் எதுக்குங்க பொய் சொல்லப்போகுது? அந்த நர்ஸம்மா சத்தத்தை அமுத்தி வச்சிட்டு மறந்திருக்கும்.”

“இன்னைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில விசாரணையாம். வேலை போன மாதிரிதான்.”

அவர் மூன்றாவது மாடியில் இறங்கினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நாடித்துடிப்பைக் காட்டுகிற மானிட்டரை அவர் வேலை பார்க்கும் அந்தக் கம்பெனியில் செய்கிறார்கள். துடிப்பு குறைந்தால் அது பத்து விநாடிக்கு ஒருமுறை கத்த வேண்டும். அதைக் கத்த வைக்கும் சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பெயர். எழுதியவர் குழந்தைவேலு.

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மானிட்டர் கத்தவில்லை. பதினோரு நிமிடம். கட்டிலில் இருந்தவர் இறந்துபோனார்.

வார்டில் பதினான்கு கட்டில். நர்ஸ் ஒருத்தி, ஜெபராணி.

அவர் நேரே நிலோஃபரின் மேஜைக்குப் போனார். அவள் குழந்தைவேலுவைவிடப் பதினெட்டு வயது இளையவள். ஆனாலும் சிக்கல் என்றால் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள்.

“அந்த மெஷினோட டிரேஸைப் பாத்துட்டேனுங்க மேடம்,” என்றார். “ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லையா, படிக்க முடியலையா சார்?”



டிரைவர் தான் செய்வதையெல்லாம் எண்களாகக் குறித்து வைக்கும். அதுதான் டிரேஸ். கருப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் எண்கள் சொற்களாகும். கூடவே கோப்பு ஒன்றையும் கொடுக்க வேண்டும். அதை அவர்கள் அகராதி என்பார்கள். டிரைவர் உருவான அன்றே உருவான அகராதியாக இருக்க வேண்டும். வேறு நாளுடையது என்றால் வரிக்கு வரி ‘வடிவம் தெரியவில்லை’ என்றுதான் வரும்.

அவருக்கு அப்படித்தான் வந்திருந்தது.

“அந்த மெஷின்ல இருக்கறது எப்ப உள்ள டிரைவர்?”

“மார்ச்சுங்க.”

“நீங்க குடுத்த அகராதி?”

“இன்னைக்கு உள்ளதுங்க.”

“இருபத்தேழு வருஷ சர்வீஸ்,” என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“மார்ச் அகராதி யார்கிட்ட இருக்கு?”

“என் பழைய மெஷின்ல மட்டும்தானுங்க.” குரல் இறங்கியது. “அது இல்லைன்னா யாராலயும் படிக்க முடியாதுங்க.”

அவள் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் போய் மார்ச் அகராதியை எடுத்துவந்து உட்கார்ந்தார். கட்டளையை இரண்டு முறை தப்பாகத் தட்டினார். மூன்றாவது முறை வரிகள் இறங்கின.

மதியம் மணி இரண்டு பத்து. இது நடக்கவே நடக்காது.

இரண்டு பத்து, பத்து விநாடி. இது நடக்கவே நடக்காது.

ஆங்கில எழுத்தில் இருந்த அந்தத் தமிழ் அவருடையது. எச்சரிக்கைகள் காத்திருக்கும் வரிசை நிரம்பிவிட்டால் புது எச்சரிக்கையைக் கைவிட்டுவிடு என்று டிரைவருக்குச் சொல்லியிருந்த இடம். நிரம்பாது என்றுதான் அன்று நினைத்தார். வெளியாள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று வேடிக்கையாக ஒரு வரி போட்டு வைத்தார்.

“வேற யாரும் இதைப் பாக்கலைங்க,” என்றார்.

“வாசிங்க சார்.”

“எல்லாம் ஒரே வரிதானுங்க. அறுபத்தாறு இருக்கு.”

“வாசிங்க.”

அவர் மளமளவென்று நான்கு வரி வாசித்தார். அவள் திரையில் நேரம் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“அவ்வளவு வேகமா நடக்கலை.”

பிறகு அவர் ஒரு வரி வாசித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து விநாடி போனதும் அடுத்த வரி. பக்கத்து மேஜைகளில் தட்டச்சு நின்றது.

இருபதாவது வரியில் அவர் நிறுத்தினார்.

“போதுமுங்க மேடம்.”

“அந்த மனுசன் இன்னும் உயிரோட இருக்காரு, சார்.”

அவர் வாசித்தார். நாற்பதுக்குப் பிறகு குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

அறுபத்தாறாவது வரி முடிந்தபோது மணி மூன்று இருபது.

குழந்தைவேலு டிரேஸையும் மார்ச் மாத அகராதியையும் ஒரு பென் டிரைவில் ஏற்றினார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்டோவில் ஏறி, ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்.